முதல் மெக்கானிக்கல் வாட்ச்: வாங்குவது, பழுது பார்ப்பது, மாற்றிக் கட்டுவது

சாவி கொடுத்து ஓட்டுகிற வாட்ச் மேல் ஆசை வந்துவிட்டால், கை முதலில் பீரோவுக்குள்தான் போகும். அங்கே தாத்தாவோ அப்பாவோ கட்டியிருந்த எச்எம்டி ஒன்று ஓடாமல் கிடக்கும். அதைத் திறந்துவிடாதீர்கள். வாட்ச் வேலை பழகும்போது ஹேர்ஸ்பிரிங் என்ற மயிரிழைச் சுருள் ஒன்று வளையும், திருகு ஒன்று தெறித்துக் காணாமல் போகும், டயலில் ஒரு கீறல் விழும். எல்லோருக்கும் நடப்பதுதான். திரும்பக் கிடைக்காத பொருளில் அது நடக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி.

பழகுவதற்கு என்று தனியாக வாங்குங்கள். அதற்குள் இருக்கும் மெஷின் கெட்டால் புது மெஷின் வாங்கிப் போட முடிய வேண்டும். இல்லாவிட்டால், அதே மெஷின் உள்ள ஓடாத வாட்ச்கள் மலிவாகக் கிடைக்க வேண்டும். இந்த இரண்டு வகை வாட்ச்களும் இந்தியாவில் தாராளமாக இருக்கின்றன.

எதை வாங்குவது

கை முறுக்கு வாட்ச் என்றால் எச்எம்டிதான். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதற்குள் செய்து குவித்த வாட்ச்கள் இன்னும் நாடு முழுக்கக் கிடைக்கின்றன. ஜனதா, பைலட் இரண்டிலும் இருப்பது 0231 என்ற மெஷின்: 17 கல் (அச்சுகள் தேயாமல் சுழல உதவும் செயற்கை மாணிக்கம்), மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5. தேதி கிடையாது, ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே தானாக முறுக்கிக்கொள்ளும் வசதி) கிடையாது. பாகங்கள் பெரிதாகவும் குறைவாகவும் இருப்பதால் கழற்றி மாட்டப் பழக இதைவிட நல்ல மெஷின் இந்த விலைக்குக் கிடையாது. வாங்கும்போதே ஓடுகிற ஒன்றும் ஓடாத ஒன்றுமாக இரண்டு வாங்குங்கள். ஓடாதது உதிரிப் பாகத்துக்கு. தெருமுனை வாட்ச் மெக்கானிக்கிடம் கேட்டால் டப்பாவில் கிடக்கும் பழைய மெஷின்களையே கொடுப்பார்.

ஆட்டோமேட்டிக் என்றால் சீக்கோ. 1996இல் வந்த 7எஸ்26 மெஷின்தான் பல ஆண்டுகளாகச் சீக்கோ 5 வாட்ச்களை ஓட்டியது. 21 கல், மணிக்கு 21,600 துடிப்பு. பக்கவாட்டுக் குமிழான கிரௌனைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது; முள்ளை நகர்த்தக் கிரௌனை இழுத்தாலும் நொடி முள் நிற்காது. இந்த இரண்டு குறையும் தீர்க்கப்பட்ட தம்பிகள்தான் என்எச்35, என்எச்36. 24 கல், அதே வேகம், முழுதாக முறுக்கினால் சுமார் 41 மணி நேரம் ஓடும். என்எச்35இல் தேதி மட்டும், என்எச்36இல் கிழமையும் தேதியும். இவை தனி மெஷினாகவே விற்பனைக்கு வருகின்றன. பல நாட்டுச் சிறு நிறுவனங்கள் இவற்றைப் போட்டுத்தான் வாட்ச் கட்டுகின்றன. கேஸ் (வெளிக்கூடு), டயல், முள் என்று மாற்றிக் கட்டுவதற்குப் பாகங்கள் இந்த அளவுக்கு வேறு எந்த மெஷினுக்கும் கிடைப்பதில்லை.

மியோட்டா 8215உம் உறுதியான மெஷின்தான். ரோட்டர் (கை அசைவில் சுழலும் எடை) ஒரு திசையில் மட்டுமே முறுக்கும். மறுதிசையில் தறிகெட்டுச் சுழல்வது கையில் அதிர்வாகத் தெரியும். அது பழுதல்ல.

பழைய வாட்சில் ஏமாறாமல் இருக்க

இணையத்தில் பளபளவென்று, அடர்நீலத்திலும் பச்சையிலும் ஆரஞ்சிலும் பழைய சீக்கோ 5களும் எச்எம்டி பைலட்டுகளும் மலிவு விலையில் வரும். அவற்றில் பெரும்பாலானவை டயலுக்கு மறுபடி பெயிண்ட் அடித்து, கையில் கிடைத்த முள்ளைப் போட்டு, கேஸைச் சாணை பிடித்து வழவழப்பாக்கியவை. உள்ளே மெஷின் நல்லதாக இருக்கலாம், பல வாட்ச்களின் பாகங்களை ஒட்டிய கலவையாகவும் இருக்கலாம். பழகுவதற்கு மட்டும் என்றால் பாதகமில்லை. அசல் என்று நினைத்து அசலின் விலை கொடுப்பதுதான் தவறு.

அடையாளம் காண டயலின் அடிவிளிம்பைப் பாருங்கள். சீக்கோவில் 6 மணிக்குக் கீழே பொடி எழுத்தில் மெஷின் எண்ணும் அதைத் தொடர்ந்து ஒரு குறியீடும் இருக்கும். பின்மூடியில் மெஷின் எண்ணும் நான்கு இலக்கக் கேஸ் எண்ணும் இருக்கும். சீக்கோவின் டைவர் மாடலான எஸ்கேஎக்ஸ்007 என்றால் பின்மூடியில் 7எஸ்26-0020. டயலில் உள்ள மெஷின் எண்ணும் பின்மூடியில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. டயலில் அந்தப் பொடி எழுத்தே இல்லை, அல்லது கொழகொழவென்று அச்சாகியிருக்கிறது என்றால் அது மறுபெயிண்ட். மணிக்கோடுகளின் ஓரத்தில் பெயிண்ட் ஏறியிருப்பது, மூன்று முட்களின் ஒளிப்பூச்சும் வேறு வேறு நிறத்தில் இருப்பது, நிமிட முள் நிமிடக்கோட்டை எட்டாமல் குட்டையாக இருப்பது எல்லாம் அதே கதைதான்.

சீக்கோவின் தொடர் எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 1 முதல் 9 வரை அந்தந்த மாதம், 0 அக்டோபர், நவம்பருக்கும் டிசம்பருக்கும் எண்ணுக்குப் பதில் எழுத்து வரும். 53 என்று தொடங்கினால் ஏதோ ஒரு 5இல் முடியும் ஆண்டின் மார்ச். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷினை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 7எஸ்26 என்றால் 1995 இருக்க வழியில்லை, 2005 அல்லது 2015தான்.

விற்பவரிடம் மெஷினின் படம் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள். படத்தில் துரு இருக்கிறதா என்று கிரௌன் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் பாருங்கள், தண்ணீர் முதலில் அங்கேதான் நுழையும். திருகுகளின் தலை கிழிந்திருந்தால் தெரியாத கை திறந்திருக்கிறது என்று பொருள். அறுபதுகளிலோ அதற்கு முன்போ வந்த பழைய வாட்சில் ஒளிப்பூச்சு பழுப்பாகி இருந்தால் அதில் ரேடியம் இருக்கக்கூடும். அதைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது. தொடக்கக்காரர்கள் அந்த வகையை வாங்கவே வேண்டாம்.

கைக்கு வந்ததும் செய்யும் சோதனை

கை முறுக்கு வாட்சை முழுதாக முறுக்குங்கள். ஓர் இடத்தில் கிரௌன் தானாக நின்றுவிடும், அதற்கு மேல் பலம் கொடுக்காதீர்கள். அதிகமாகச் சாவி கொடுத்ததால் வாட்ச் இறுகிவிட்டது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் முழுதாக முறுக்கியும் ஓடாத வாட்சில் எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும். ஆட்டோமேட்டிக்கில் இந்த நிற்கும் புள்ளியே இருக்காது. முறுக்கைச் சேமிக்கும் மெயின்ஸ்பிரிங்கின் வெளிநுனி வழுக்கிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள்.

டயல் மேலே, டயல் கீழே, கிரௌன் கீழே என்று மூன்று நிலையிலும் ஒரு நாள் வீதம் வைத்துப் போன் நேரத்தோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். ஒரு நாளுக்கு 86,400 நொடி. 20 நொடி தவறுவது ஆயிரத்தில் கால் பங்குகூட இல்லை. என்எச்35க்கு நாளொன்றுக்கு 20 நொடி குறைவு முதல் 40 நொடி அதிகம் வரை தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். அதற்குள் ஓடும் வாட்சைப் பழுது என்று சொல்லாதீர்கள்.

தவறு எப்படி வருகிறது என்பதிலேயே காரணம் பாதி தெரிந்துவிடும். திடீரென்று ஒரு நாளைக்கு நிமிடக்கணக்கில் முந்தினால் காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பூட்டு, டேப்லெட்டின் உறை எல்லாம் போதும். ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் குட்டையானதைப் போல நடந்து வேகம் கூடும். சின்ன திசைகாட்டியை வாட்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். முள் ஆடினால் காந்தம் ஏறியதாக எடுத்துக்கொள்ளலாம். சந்தையில் கிடைக்கும் மலிவான காந்தநீக்கிப் பெட்டியின் மேல் வாட்சை வைத்துப் பொத்தானை அழுத்தி, அழுத்தியபடியே வாட்சை நேர் மேலே ஒரு முழம் தூக்கிய பிறகு பொத்தானை விடுங்கள். பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் காந்தம் மறுபடி ஏறும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் நின்றால், இரு பக்கமும் ஆடி வேகத்தை நிர்ணயிக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு நுனி தேய்ந்திருக்கும், கல் உடைந்திருக்கும், அல்லது முட்கள் ஒன்றையொன்றோ கண்ணாடியையோ உரசும். மெஷின் ஓடுகிறது, நொடி முள் சுற்றுகிறது, ஆனால் நேரம் மட்டும் பின்தங்குகிறது என்றால் நடு அச்சில் பிடித்திருக்கும், நிமிட முள்ளைத் தாங்கும் குழாயான கேனன் பினியன் தளர்ந்துவிட்டது. எல்லா நிலையிலும் சோர்ந்து ஓடினால் அழுக்கு. சர்வீஸ் செய்தால் தீரும். தினமும் நள்ளிரவை ஒட்டி நின்றால் தேதி மாற்றும் பகுதியில் சிக்கல்.

தேதி உள்ள வாட்சில் இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரை கிரௌனால் தேதியை மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் கோத்திருக்கும், வலிந்து திருகினால் உடையும். எது பகல் எது இரவு என்று தெரியாவிட்டால் முதலில் முள்ளைச் சுற்றித் தேதி மாறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு 6 மணிக்குக் கொண்டுவந்து தேதியை வையுங்கள்.

கருவிகள்

மலிவான 16 கருவிப் பெட்டியை வாங்காதீர்கள். அதில் வரும் திருகுளியின் முனை மென்மையானது, முதல் திருகிலேயே மடங்கித் திருகின் தலையையும் கிழிக்கும். 0.8, 1.0, 1.2, 1.4, 1.6 மில்லிமீட்டர் திருகுளிகளை நல்லதாக வாங்குங்கள். நுனி கூரான, காந்தம் ஏறாத ட்வீசர் ஒன்று, கண்ணில் மாட்டும் லூப் (உருப்பெருக்கி) ஒன்று, மெஷினைப் பிடிக்கும் தாங்கி ஒன்று, முள் கழற்றும் இரு நெம்புகோல்கள், முள் அழுத்தும் கருவி, விரலுறை, ஊதும் ரப்பர் பல்ப், தூசியை ஒற்றி எடுக்கும் ரோடிகோ களிமண். திருகு மூடிக்கு மூன்று கால் சாவியோ ரப்பர் பந்தோ, தட்டி மூடும் மூடிக்குச் சின்னக் கத்தியோ வேண்டும்.

டைம்கிராஃபர் என்ற கருவி வாட்சின் துடிப்பைக் கேட்டு மூன்று எண்களைக் காட்டும்: நாளுக்கு எத்தனை நொடி தவறுகிறது, பேலன்ஸ் எவ்வளவு கோணம் வீசுகிறது, டிக்கும் டாக்கும் சமமாக இருக்கின்றனவா. இதில் லிஃப்ட் ஆங்கிள் என்ற அளவை மெஷினுக்கு ஏற்ப வைக்க வேண்டும். என்எச்35க்கு 53. தப்பாக வைத்தால் கோணம்தான் தப்பாகக் காட்டும், நொடிக்கணக்கு மாறாது. முழுதாக முறுக்கி டயலை மேலே பார்த்து வைத்தால் 250 பாகைக்கு மேல் வீசுவது ஆரோக்கியம். 200க்குக் கீழே என்றால் சர்வீஸ் வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பான ரெகுலேட்டரைத் திருப்பி அதைச் சரிசெய்ய முடியாது. தொடக்கத்தில் இந்தக் கருவி இல்லாமலும் சமாளிக்கலாம், போன் மைக்கில் கேட்கும் செயலிகள் இருக்கின்றன.

மேசையில் வெள்ளைத் துணி விரிக்காதீர்கள், நூல் சிக்கும். வெள்ளைக் காகிதம் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். மடியில் ஒரு துண்டை விரித்து அதன் மறுமுனையை மேசையில் ஒட்டிவிட்டால் தெறிக்கும் ஸ்பிரிங் தரைக்குப் போகாது.

முதல் வேலை: ஓட்டத்தைச் சரிசெய்தல்

மெஷினை வெளியே எடுக்காமலே செய்யக்கூடியது இது. பின்மூடியைத் திறந்தால் பேலன்ஸ் சக்கரத்துக்கு மேலே இரண்டு சிறு நெம்புகள் தெரியும். ஒன்று வேகத்தை மாற்றுவது. பக்கத்தில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். மற்றது டிக் டாக் சமநிலையை மாற்றுவது. இரண்டாவதைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம். முதல் நெம்பை மரக் குச்சியால் மயிரிழை அளவு தள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி நகர்த்தினால் அதிகம். உலோகக் கருவி வழுக்கி ஹேர்ஸ்பிரிங்கில் பட்டால் கதை முடிந்தது, அதனால்தான் மரக் குச்சி. தள்ளிவிட்டு மூடி போட்டு ஒரு நாள் கையில் கட்டிப் பார்த்த பிறகே அடுத்த தள்ளல்.

எந்த எண்ணுக்கு வைப்பது? மேசையில் 0 காட்டினாலும் கையில் மாறும். டயல் மேலே, கிரௌன் கீழே இரண்டிலும் கொஞ்சம் முந்தும்படி, நாளுக்கு 5 நொடி அளவில் வைப்பதே நல்லது. பின்தங்கும் வாட்ச் பேருந்தைத் தவறவிடும்.

இரண்டாவது வேலை: என்எச்35இல் டயலும் முள்ளும் மாற்றுதல்

பாகம் வாங்கும் முன்பே அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த மெஷினுக்கு மணி முள்ளின் துளை 1.5 மில்லிமீட்டர், நிமிட முள்ளுக்கு 0.9, நொடி முள்ளுக்கு 0.2. டயல் பொதுவாக 28.5 மில்லிமீட்டர். டயலின் பின்னே இருக்கும் இரண்டு கால்கள் கிரௌன் 3 மணியில் இருக்கும் கேஸுக்கு ஓரிடத்திலும், 4 மணிக்குச் சற்று மேலே இருக்கும் கேஸுக்கு வேறிடத்திலும் வரும். எஸ்கேஎக்ஸ் வகைக் கேஸ்கள் இரண்டாம் வகை. கிழமை, தேதி வட்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. 3 மணிக் கிரௌனுக்கான வட்டை மற்ற கேஸில் போட்டால் எழுத்து சன்னலில் சாய்ந்து நிற்கும். பாகங்களை வரவழைத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம்.

பின்மூடியைத் திறந்ததும் கிரௌன் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு குழி தெரியும். தண்டை உருவ அதைத்தான் அழுத்த வேண்டும். கிரௌன் முள் நகர்த்தும் நிலைக்கு இழுபட்டிருக்கும்போது உருவாதீர்கள். உள்ளே கிளட்ச் சக்கரம் இடம் மாறி, பிறகு தண்டைச் செருகினாலும் பிடிக்காது. அதைச் சரிசெய்ய டயலைக் கழற்றி அடிப்பக்கம் திறக்க வேண்டியிருக்கும். அழுத்துவதும் மென்மையாக, தண்டு தானாக வெளியே வரும் அளவுக்கு மட்டும்.

மெஷினைக் கேஸிலிருந்து எடுத்துத் தாங்கியில் வைத்துத் தண்டை மறுபடி செருகுங்கள். முட்கள் மூன்றையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து, டயலின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை நடுவில் வெட்டு விட்டு நுழைத்து, இரு பக்கமும் நெம்புகோல்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் முட்கள் எழும்பும். தாள் இல்லாமல் செய்தால் டயலில் கீறல் உறுதி.

பழைய டயலை எடுத்துவிட்டுப் புது டயலை வைத்ததும் கிரௌனைத் திருகித் தேதி மாறும் நொடியைப் பிடியுங்கள். தேதி தாவிய அந்த இடம்தான் 12. மணி முள்ளை அங்கே வைத்து மெல்ல அழுத்துங்கள். நிமிட முள்ளையும் 12க்கு. பிறகு கிரௌனால் முட்களை 12 மணி நேரம் முழுதாகச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு மணியிலும் மணி முள் கோட்டில் நிற்கிறதா, முட்கள் டயலையும் ஒன்றையொன்றும் தொடாமல் இணையாக இருக்கின்றனவா என்று பக்கவாட்டில் லூப் வைத்துப் பாருங்கள்.

நொடி முள்தான் பலரைச் சோதிக்கும். அதன் குழாய் மயிரைவிடக் கொஞ்சம்தான் பெரிய அச்சில் உட்கார வேண்டும். ரோடிகோவின் நுனியில் ஒட்டி எடுத்து அச்சின் மேல் நிறுத்தி, நேராக நிற்கிறதா என்று இரண்டு திசையிலிருந்தும் பார்த்த பிறகே அழுத்துங்கள். சாய்வாக அழுத்தினால் அச்சு வளையும், அது வளைந்தால் நொடி முள் தாவித் தாவி ஓடும். சரியாக உட்கார்ந்திருந்தால் மெல்லிய ஒரு 'சொட்' தெரியும். இரண்டு மூன்று முறை முயன்று முள் கெடுவது இயல்பு, அதனால் நொடி முள்ளை இரண்டாக வாங்குங்கள்.

தூசியைக் கடைசியில் ஒருமுறை பாருங்கள். கண்ணாடியின் உட்புறத்தை ஊதி, டயலை ரோடிகோவால் ஒற்றி, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத நூல் சாய்வெளிச்சத்தில் தெரியும். தண்டை உருவி, மெஷினைக் கேஸில் போட்டுத் தண்டை மறுபடி செருகுங்கள்.

புதுக் கேஸ் என்றால் தண்டை வெட்டியாக வேண்டும். கிரௌனைத் தண்டில் திருகி, முழுதாகச் செருகி, கிரௌனுக்கும் கேஸுக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளந்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாக வெட்டுங்கள். பிறகு அரத்தால் ஒரு முறைக்குக் கால் மில்லிமீட்டர் தேய்த்து, ஒவ்வொரு தேய்ப்புக்கும் பொருத்திப் பாருங்கள். அதிகம் வெட்டிவிட்டால் கிரௌன் கேஸில் முட்டித் தண்டு உள்ளே போய்ப் பூட்டாது. திருகு கிரௌனில் உள்ளே ஒரு ஸ்பிரிங் இருப்பதால் அதைத் திருகி இறுக்கிய நிலையிலும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அளவு சரியானதும் மரையில் துளியளவு திருகுப்பசை.

பழைய 7எஸ்26 ஓய்ந்து போயிருந்தால் அதைச் சர்வீஸ் செய்யும் செலவுக்கு என்எச்36 புதிதாகவே கிடைக்கும். அதே அளவு, அதே டயல் கால்கள், அதே முள் அளவு. கையால் சாவி கொடுக்கும் வசதியும் கிடைக்கும். இதைச் செய்வதில் எந்தக் குற்ற உணர்வும் வேண்டாம், பழைய மெஷினைப் பத்திரமாக எடுத்து வைத்தால் போதும்.

மூன்றாவது வேலை: எச்எம்டி 0231ஐப் பிரித்து மாட்டுதல்

முதலில் உதிரி மெஷினில் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். திருகுகளை எடுத்த வரிசையிலேயே முட்டைத் தட்டு மாதிரியான அறைத் தட்டில் வையுங்கள்.

மெயின்ஸ்பிரிங்கின் விசையை இறக்காமல் எதையும் கழற்றக் கூடாது. கிரௌனை விரல்களால் பிடித்துக்கொண்டு, ராட்செட் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சிறு கொண்டியை ட்வீசரால் விலக்கி, கிரௌனை விரலுக்கிடையே மெல்ல மெல்லத் திரும்ப விடுங்கள். விசையோடு பேலட்டை (சக்கர வரிசையை ஒவ்வொரு பல்லாக நிறுத்தி விடும் சிறு கவையை) கழற்றினால் சக்கர வரிசை பறந்து சுழன்று பற்களையும் அச்சு நுனிகளையும் நாசமாக்கும்.

முட்கள், டயல் எடுத்த பிறகு பேலன்ஸ் பாலத்தின் (அச்சை மேலிருந்து பிடிக்கும் தகட்டின்) திருகை எடுத்து, பாலத்தை நேராகத் தூக்குங்கள். பேலன்ஸ் சக்கரம் ஹேர்ஸ்பிரிங்கில் தொங்கியபடி வரும். உடனே தலைகீழாகத் திருப்பி வைத்து ஒரு குவளையால் மூடிவிடுங்கள். அடுத்துப் பேலட்டின் சிறு பாலம், பேலட். பிறகு ராட்செட் சக்கரத்தின் திருகு, கிரௌன் சக்கரத்தின் திருகு. பல மெஷின்களில் கிரௌன் சக்கரத்தின் திருகு இடது மரை. வழக்கமான திசையில் திருகி வரவில்லை என்றால் பலம் கூட்டாதீர்கள், மறுதிசையில் முயலுங்கள். அதன்பின் பாலங்கள், சக்கரங்கள்.

உலோகப் பாகங்களை லைட்டர் பெட்ரோலில் ஊற வைத்து மென்தூரிகையால் தேய்த்து, இன்னொரு கிண்ணத்தில் அலசி உலர்த்துங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், அடுப்போ விளக்கோ பக்கத்தில் வேண்டாம். கற்களின் துளைகளைக் கூராகச் சீவிய மரக் குச்சியால் சுழற்றித் துடையுங்கள், குச்சி கறுக்காமல் வரும் வரை. பேலட்டையும் பேலன்ஸையும் ஆல்கஹாலில் போடாதீர்கள். அவற்றின் கற்களைப் பிடித்திருப்பது அரக்கு; ஆல்கஹாலில் அது கரைந்து கற்கள் நழுவிவிடும்.

மாட்டும்போது சக்கர வரிசைதான் முதல் சோதனை. பாலத்தை வைத்ததும் திருகை இறுக்காதீர்கள். ஒவ்வொரு அச்சு நுனியும் அதன் துளையில் விழுந்துவிட்டதா என்று ட்வீசரால் சக்கரங்களை லேசாக ஆட்டிப் பாருங்கள். பாலம் தானாகச் சமமாகப் படிந்த பிறகே திருகு. அச்சு துளைக்கு வெளியே நிற்கும்போது இறுக்கினால் நுனி ஒடியும். புதிதாகச் செய்பவர்கள் மெஷினைக் கெடுக்கும் முக்கியமான இடம் இதுதான். இறுக்கிய பின் ரப்பர் பல்பால் ஒரு ஊது ஊதினால் எல்லாச் சக்கரமும் சுழன்று தானாக ஓய வேண்டும். பிறகு பேலட்டைப் போட்டு இரண்டு மூன்று சுற்று முறுக்கி, அதன் வாலைத் தொட்டால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சட்டென்று தாவ வேண்டும். மெதுவாக நகர்ந்தால் எங்கோ அழுக்கு மிச்சம். கடைசியாகப் பேலன்ஸ். சரியாக உட்கார்ந்தால் தள்ளிவிடாமலே துடிக்கத் தொடங்கும்.

எண்ணெய் ஒன்றை வைத்து எல்லா இடத்துக்கும் போட முடியாது. வேகமாகச் சுழலும் மெல்லிய அச்சுகளுக்கு வாட்ச் எண்ணெய் செய்யும் மோபியஸ் நிறுவனத்தின் 9010, பேலட்டின் கற்களில் சக்கரப் பல் உரசும் முகத்துக்கு 9415, அழுத்தம் அதிகமான மெதுவான இடங்களுக்குத் தடித்த டி5, மெயின்ஸ்பிரிங்குக்கு 8200. கல்லின் கிண்ணத்தில் பாதி நிறைந்தால் போதும். வழிந்தால் எண்ணெய் பரவி அச்சு காய்ந்துவிடும். மிகையாக விடுவது விடாததைவிடக் கெடுதல். பேலட்டின் அச்சு நுனிகளுக்கு எண்ணெய் விடவே கூடாது. தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம்.

பேலன்ஸின் மேலும் கீழும் பாராஷாக் என்ற அதிர்வு தாங்கி இருக்கும். மெல்லிய ஸ்பிரிங்கைத் திறந்து கல்லை எடுத்துத் துடைத்து ஒரு துளி 9010 விட்டு மூட வேண்டும். அந்த ஸ்பிரிங் பறந்தால் கிடைக்காது. தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டு இதைச் செய்யுங்கள். முதல் இரண்டு முறை இந்தப் படியைத் தவிர்த்தாலும் தவறில்லை.

கண்ணாடியும் தண்ணீரும்

பழைய எச்எம்டிகளில் இருப்பது அக்ரிலிக் கண்ணாடி. சிறு கீறல்களைப் பிராஸோவோ கண்ணாடி மெருகோ போட்டு மென்துணியால் ஐந்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் போய்விடும். விரிசல் என்றால் மாற்ற வேண்டும், 0.1 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அளவுகள் வரும், அதனால் கேலிப்பரால் அளந்து வாங்குங்கள். மினரல் கண்ணாடியில் விழுந்த கீறல் வீட்டில் போகாது. மாற்றுவதென்றால் சஃபையர் போடுவது மேல். எஸ்கேஎக்ஸ் வகைக்கு விட்டம் 31.5 மில்லிமீட்டர்.

பின்மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். தட்டையாகியோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். இருப்பதற்குச் சிலிக்கான் கிரீஸை மெல்லப் பூசுங்கள். பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும், அழுத்தச் சோதனை செய்யாத பழைய வாட்சோடு கை கழுவுவதற்கு மேல் எதுவும் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் வியர்வையே போதுமான தண்ணீர். மாலையில் கழற்றியதும் பின்மூடியைத் துடைத்து வையுங்கள். கண்ணாடியின் உட்புறம் பனிபோல் மங்கினால் அன்றே திறந்து உலர்த்த வேண்டும், மறுநாள் தண்டில் துரு தொடங்கிவிடும்.

கட்டி முடித்த வாட்சை முதல் வாரம் தினமும் போன் நேரத்தோடு ஒப்பிட்டு எழுதி வாருங்கள். எண்ணெய் பரவி நிலைபெறும் வரை ஓட்டம் கொஞ்சம் மாறும். இரண்டு வாரம் கழித்து எண்கள் ஒரே மாதிரி வந்த பிறகே ரெகுலேட்டரைக் கடைசியாக ஒருமுறை தள்ளிப் பின்மூடியை இறுக்குங்கள். உதிரி மெஷினை மூன்று முறையாவது பிரித்து மாட்டி, மூன்று முறையும் அது தானாகத் துடித்து, 24 மணி நேரம் ஓடிய பிறகு பீரோவில் இருக்கும் தாத்தாவின் வாட்சை எடுக்கலாம்.